அரை மில்லிமீட்டர் அழகு

கல்யாண சீசன் வந்துவிட்டால் பல் கிளினிக்குகளுக்கும் சீசன்தான். முன்பல்லைக் கொஞ்சம் ராவ வேண்டும், சிரித்தால் தெரியும் ஈற்றைக் கொஞ்சம் ஏற்றிவிட வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் மயிலாப்பூரிலும் உண்டு, மட்டாஞ்சேரியிலும் உண்டு. ‘ஸ்மைல் டிசைன்’ என்ற பெயர் மட்டும்தான் புதிது, ஆசை பழையது.

மட்டாஞ்சேரி அரண்மனையில் பட்டமேற்ற கொச்சி ராஜாக்களின் ஆட்சி நெல்லியாம்பதிக் காடுகள் வரை நீண்டிருந்தது. அங்கும் ஆனைமலையிலும் தேனும் ஏலமும் சேகரித்து வாழ்ந்தவர்கள் காடர்கள். அவர்கள் முன்பற்களை உளியாலோ அரிவாளாலோ கொத்தி, அரத்தால் ராவிக் கூராக்கிக்கொண்டதை எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909இல் வெளியிட்ட தொகுப்பில் பதிவு செய்திருக்கிறார். பெண்ணின் தலையைத் தோழி ஒருத்தி அசையாமல் பிடித்துக்கொள்வாள். இன்னொருத்தி அரிவாளால் கொத்துவாள். சில மணி நேரத்தில் முகம் வீங்கிவிடும், ஓரிரு நாள் தலைவலி பிளக்கும். அழகில்லாதவரையும் இது அழகாக்கும் என்பது அவர்கள் எண்ணம். பல் கொத்தாதவர் அவர்கள் கண்ணுக்கு மாடு போலத் தின்கிறவர்.

கடல் தாண்டிப் பாலித் தீவுக்குப் போனால் கதை தலைகீழ். மேல்வரிசையில் இந்தக் கோரைப்பல் முதல் அந்தக் கோரைப்பல் வரை ஆறு பற்களை ராவிச் சமப்படுத்துவது அங்கே இன்றும் நடக்கிற சடங்கு. காமம், குரோதம் முதலான ஆறு பகைகளும் அதோடு மழுங்குமாம். கூர்தான் அழகு என்றவர்களும் சமம்தான் அழகு என்றவர்களும் கைவைத்தது பல்லின் மேலுறையான எனாமலில்.

நம் உடம்பில் எனாமலைவிடக் கடினமான பொருள் இல்லை. எடையில் சுமார் 96 சதவீதம் தாதுதான். அதைக் கட்டிய செல்கள் பல் முளைப்பதோடு அழிந்துவிடுகின்றன. எனவே போனது போனதுதான், நகம் போலத் திரும்ப வளராது. முன்பல்லின் கடிமுனையில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டர் போல இருக்கும்; ஈற்றை நெருங்க நெருங்க மெலிந்துகொண்டே போகும். அதனால் மருத்துவர் வைரத்தூள் பதித்த ‘பர்’ என்ற சுழல்முனையை வைத்து, தண்ணீர் பீச்சிக்கொண்டே ராவுவது பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள். எனாமலில் நரம்பு கிடையாது, ஊசி தேவையில்லை. ஊசி போடாததில் ஒரு வசதியும் இருக்கிறது: சுருக்கென்றால், அடியிலுள்ள டென்டின் நெருங்கிவிட்டது என்று நோயாளியே காட்டிக்கொடுத்துவிடுவார். டென்டின் முழுக்க நுண்குழாய்கள். அவற்றுக்குள் திரவம் அசைந்தால் பல் கூசும். அரிவாள் பட்ட காடர் பெண் துடித்துப்போனதில் வியப்பில்லை.

ராவும்போது நடுநடுவே நீலக் காகிதம் ஒன்றைப் பல்லிடையே வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். மை ஒட்டுகிற இடம்தான் கடியைத் தாங்குகிற இடம். அங்கே கைவைக்க யோசிக்க வேண்டும். தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது கடைவாய்ப்பற்கள் உரசாமல் விலக்கிவிடுவது பலருக்குக் கோரைப்பல்தான். தெத்துப்பல்லை ராவியே மறைத்துவிடலாம் என்று வருகிறவரைக் கிளிப் போடும் மருத்துவரிடம் அனுப்புவதே நியாயம். (தெத்துப்பல் சிரிப்பை ஏன் மறைக்க வேண்டும் என்பது என் தனிக் கேள்வி.)

ஈற்றின் குணம் வேறு. வெட்டினால் வளரும், சிக்கலே அதுதான். எலும்பு விளிம்புக்கு மேல் பல்லோடு ஒட்டியிருக்கும் திசுவின் சராசரி உயரம் 2.04 மில்லிமீட்டர் என்று 1961இல் கார்ஜியுலோ என்ற ஆய்வாளரின் குழுவினர் அளந்து சொன்னார்கள். அதற்கு மேல் உள்ள சிறு பள்ளத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். இந்த இடத்தை உடம்பு விட்டுத்தராது. லேசரால் எவ்வளவு நறுவிசாகச் செதுக்கினாலும், இந்த எல்லைக்குள் புகுந்துவிட்டால் ஈறு பழையபடி இறங்கும், அல்லது சிவந்து வீங்கியே கிடக்கும். ஆகவே முதலில் மரக்கச் செய்து, அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பியை எலும்பு தட்டும்வரை இறக்கிப் பார்ப்பார்கள். இடம் இருந்தால் ஈற்றோடு வேலை முடியும். இல்லையென்றால் எலும்பையும் குறைக்க வேண்டும். ஈற்றின் விளிம்பு நிலைகொள்ள மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். முகூர்த்தத்தை அடுத்த மாதம் வைத்துக்கொண்டு வருகிறவருக்கு இது தோதுப்படாது.

ஈறு அதிகம் தெரிவதற்கு எல்லாருக்கும் ஈறே காரணமில்லை. மேல்தாடை நீளமாக இருக்கலாம். மேலுதடு சிரிக்கையில் அளவுக்கு மீறி ஏறலாம். அப்போது ஈற்றை வெட்டினால் பல்தான் நீண்டு தெரியும். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு ஈறு தடித்துப் பல்லை மூடிவிடும். மாத்திரையை மாற்ற முடியுமா என்று அதை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் அவர்கள் பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது.