பியானோ வாசித்த உயரம் தாண்டும் வீராங்கனை

நம் சங்கக் குடும்பங்களில் அடிக்கடி என் காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. “பெண்ணுக்குப் பாட்டா, விளையாட்டா? ஒன்றை விட்டால்தானே மற்றொன்று உருப்படும்?” ஊரை விட்டு வந்து குடித்தனம் நடத்தும் நமக்கு நேரமும் பணமும் அளவானவை, ஆகவே கேள்வியில் நியாயம் இருக்கிறது. இரண்டையும் விடாத ஒரு பிரெஞ்சுப் பெண்மணியைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அவர் பெயர் மிஷலின் ஓஸ்டர்மேயர்.

1922 டிசம்பரில் வட பிரான்சில் பிறந்தவர், வளர்ந்தது துனிசியாவில். தாயார் பியானோ ஆசிரியை. புகழ்பெற்ற எழுத்தாளர் விக்டர் யூகோ இவருக்கு உறவு. 14 வயதில் பாரிஸ் இசைக் கல்லூரியில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் துனிசியாவுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அங்கே வாரந்தோறும் வானொலியில் அரை மணி நேரம் பியானோ வாசித்தார். விளையாட்டு மைதானத்தில் இறங்கியதும் அந்த நாட்களில்தான். போர் முடிந்ததும் பாரிஸ் சென்று இசைப் படிப்பை உயர்ந்த தகுதியுடன் முடித்தார்.

1948 லண்டன் ஒலிம்பிக்ஸ், சுதந்திர இந்தியா ஹாக்கியில் முதல் தங்கம் வென்ற போட்டி என்பது நமக்குத் தெரியும். அதே போட்டியில் ஓஸ்டர்மேயர் ஜூலை 30 அன்று வட்டு எறிதலில் 41.92 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். வட்டு எறியப் பழகி அதிக நாள் ஆகியிருக்கவில்லை! ஆகஸ்ட் 4 அன்று குண்டு எறிதலில் 13.75 மீட்டர், இரண்டாவது தங்கம். பெண்களுக்கான குண்டு எறிதல் ஒலிம்பிக்ஸில் இடம்பெற்றது அதுவே முதல் முறை. அன்று பிரெஞ்சு அணி தங்கியிருந்த இடத்தில் பீத்தோவனின் இசையை வாசித்து வெற்றியைக் கொண்டாடினார்.

மூன்று நாள் கழித்து உயரம் தாண்டுதல். குண்டு எறிபவருக்கு உடல் எடை துணை. உயரம் தாண்டுபவருக்கோ அதுவே சுமை. அதனால் இரண்டிலும் சிறப்பவர்கள் மிக அரிது. ஓஸ்டர்மேயர் 1.61 மீட்டர் தாண்டி வெண்கலம் பெற்றார். அமெரிக்காவின் ஆலிஸ் கோச்மனும் இங்கிலாந்தின் டோரதி டைலரும் 1.68 மீட்டர் தாண்டினார்கள். ஒரே உயரத்தில் நின்றால், அந்த உயரத்தைக் குறைந்த முயற்சியில் கடந்தவருக்கே முதலிடம். முதல் முயற்சியிலேயே தாண்டிய கோச்மன் தங்கம் வென்றார். ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண்மணி அவர்தான்.

1.61 மீட்டர் இன்று சிறிதாகத் தெரியலாம். 2024இல் உக்ரைனின் யாரோஸ்லாவா மஹுச்சிக் 2.10 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்தார். ஆனால் 1948இல் தாண்டியவர்கள் விழுந்தது மணலில். இன்றுள்ள மெத்தை கிடையாது. முதுகு கீழாகத் தாண்டும் முறை 1968இல் ஃபாஸ்பரி தங்கம் வென்ற பிறகே பரவியது. மணலில் முதுகு அடிபட விழ யார் துணிவார்கள்?

விளையாட்டு உடலைத் தளர்வாக வைத்துக்கொள்ளக் கற்றுத் தந்தது என்றும், பியானோ தோள் வலிமையும் தாள உணர்வும் தந்தது என்றும் ஓஸ்டர்மேயர் சொல்லியிருக்கிறார். எனினும் இரட்டைப் புகழுக்கு ஒரு விலையும் இருந்தது. ‘குண்டு எறிபவர் பியானோ வாசிக்கிறார்’ என்று இசை உலகில் சிலர் ஏளனமாகப் பார்த்தார்கள். லிஸ்ட் என்ற மேதையின் ஆவேசமான இசையை வாசித்தால் அந்தப் பேச்சு இன்னும் வலுக்கும் என்று, சில ஆண்டுகள் அதைத் தொடாமலே இருந்தார்.

1950இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் குண்டு எறிதலிலும் 80 மீட்டர் தடை ஓட்டத்திலும் வெண்கலம் வென்றார். அதன்பின் விளையாட்டிலிருந்து விலகிப் பல ஆண்டுகள் கச்சேரிகள் செய்தார்; பிறகு இசை ஆசிரியையானார். 2001 அக்டோபரில் காலமானார்.

இன்றைய போட்டி உலகில் எறிதலிலும் தாண்டுதலிலும் ஒருவரே பதக்கம் வெல்வது ஏறக்குறைய முடியாத காரியம். நம் குழந்தைகளும் என்றேனும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஓஸ்டர்மேயர் மைதானத்தை விட்டது 28 வயதை ஒட்டித்தான். பத்து வயதுக் குழந்தைக்காக அந்த முடிவை நாம் இப்போதே எடுக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. வாரத்தில் இரண்டு மாலை பாட்டுக்கும் இரண்டு மாலை மைதானத்துக்கும் ஒதுக்கிப் பாருங்கள். எதை விடுவது என்பதைக் குழந்தையே ஒரு நாள் சொல்லும்.