ஆணைக்குக் கட்டுப்பட்ட கணவர்

சிதம்பரத்தில் இளமையாக்கினார் கோயில் என்றொரு சிவாலயம் உண்டு. அதன் திருக்குளத்தில் மூழ்கித்தான் திருநீலகண்ட நாயனாரும் அவர்தம் மனைவியாரும் முதுமை நீங்கி இளமை பெற்றனர். தை விசாகம் நாயனாரின் குருபூசை நாள்.

தில்லையில் மண்கலம் வனைந்து, அடியார்களுக்குத் திருவோடு அளித்து வந்தவர் நாயனார். ஒரு முறை அவர் பரத்தையிடம் சென்று வந்ததை மனைவியார் அறிந்தார். திருநீலகண்டத்தின் மீது ஆணையிட்டு, தம்மைத் தீண்டலாகாது என்று தடுத்தார். கணவர் சினம் கொள்ளவில்லை; கை ஓங்கவில்லை; அவரை வீட்டை விட்டு விரட்டவும் இல்லை. மனைவியார் பன்மையில் ஆணையிட்டதால், எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டேன் என உறுதி பூண்டார். முதுமை வரும்வரை ஒரே இல்லத்தில் வாழ்ந்தும் அந்த உறுதி குலையவில்லை. மனைவியின் மறுப்புச் சொல்லை இறைவன் பெயரால் மதித்தவரே நாயன்மார் வரிசையில் வைத்துப் போற்றப்படுகிறார்.

இன்றைய இல்லங்களின் நிலை என்ன? 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ பத்தில் மூவர் கணவரின் கொடுமைக்கு ஆளானவர்கள். அடி வாங்குபவள் ஒருத்தியே ஆனாலும், துன்பம் அவளோடு நிற்பதில்லை. கதவோரம் நின்று பார்க்கும் மகன் அதுவே ஆண்மை என்று கற்கிறான். மகள் அதுவே பெண்ணின் விதி என்று கற்கிறாள். அடுத்த தலைமுறையின் இல்லறம் அங்கேயே பழுதுபடுகிறது.

பிறந்த வீட்டுக்குக் கண்ணீரோடு வரும் மகளிடம், "பொறுத்துப் போ அம்மா, ஊர் என்ன சொல்லும்?" என்று பெரியவர்கள் கூறுவது வழக்கம். பாசத்தால் சொன்ன சொல்தான். ஆனால் அடிப்பவனுக்கு அது அனுமதியாகிவிடுகிறது. அவ்வாறு திருப்பி அனுப்பப்பட்டு, பிணமாக மீண்டு வந்த மகள்களும் உண்டு.

2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அடிப்பதை மட்டுமன்றி இழிசொல்லையும், செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதையும் குடும்ப வன்முறையாகவே பார்க்கிறது. வீடு யார் பெயரில் இருப்பினும், மனைவிக்கு அங்கே வாழும் உரிமை உண்டு. மனைவிக்கு மட்டுமன்றி, உடன் வாழும் தாய்க்கும் சகோதரிக்கும் இச்சட்டம் துணை நிற்கிறது. கொடுமையை அறிந்த எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர்மீது வழக்கு வாராது. 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

இங்கே முதியோரின் பங்கு பெரிது. மகன் கை ஓங்கும்போது, "நம் வீட்டில் இது கூடாது" என்று தாய் கூறும் ஒரு சொல்லுக்கு எந்தச் சட்டத்தினும் விரைந்த பலன் உண்டு. மருமகளைத் தனியே அழைத்து நலம் கேட்பதும், மகளுக்கு எந்நேரமும் கதவு திறந்திருக்கும் என்று உணர்த்துவதும் பெரியோர் கடமை.

சிவயோகியாக வந்த இறைவன் திருவோடு காணாமற்போனதாக வழக்கிட்டு, மனைவியின் கைப்பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்யுமாறு நாயனாரைப் பணித்தார். அப்போது இருவரும் மூங்கில் தண்டின் இரு முனைகளைப் பற்றி நின்றனர். நாயனார் தம் பிழையையும், அதனால் எழுந்த ஆணையையும் ஊரறியச் சொன்னார். வீட்டுக்குள் மறைந்திருந்த உண்மை சபை நடுவே வெளிப்பட்ட பின்னரே இறையருள் கிட்டியது.

குடும்ப மானம் என்று நாம் மூடி வைக்கும் துயரங்களும் அவ்வாறே. மறைப்பதால் மானம் காக்கப்படுவதில்லை. அந்த வீட்டில் ஒரு பெண் அச்சமின்றி உறங்கினால்தான் காக்கப்படுகிறது.