பெயரை மறைத்தால் தெரியும் ருசி

பழைய திராட்சை மதுவை நண்பர்கள் கூடிப் பகிர்ந்து ருசி பார்ப்பதை மேல்நாட்டார் ஒரு கலையாகவே பயில்கின்றனர். சிவப்பு மதுவில் திராட்சைத் தோலின் துவர்ப்பு ஆதியில் நாவைப் பிடிக்கும். வருஷங்கள் செல்லச் செல்லத் தணியும். ஆனால் எல்லா மதுவும் முதுமையைத் தாங்குவதில்லை. பெயரில் மயங்காதிருக்கச் சீசாவைத் துணியால் மறைத்து ருசி பார்ப்பதும் உண்டு.

1976-ம் வருஷம் மே மாதம் 24-ந் தேதி, ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய மது வியாபாரி, பாரிஸ் நகரில் இவ்விதமே பெயரை மறைத்து ஒரு பரீட்சை நடத்தினார். நடுவர்கள் பிரெஞ்சு நிபுணர் ஒன்பதின்மர். புகழ் பெற்ற போர்தோ மதுக்களை முந்திக்கொண்டு சிவப்பு வகையில் முதலில் நின்றதோ, கலிபோர்னியாவின் 1973-ம் வருஷத்து மது! இளமையில் இனித்தாலும் அது நாள்பட நிற்காது என்று சிலர் சமாதானம் கூறினர்.

முப்பது வருஷம் கழித்து, 2006-ல், அதே சிவப்பு மதுக்களை லண்டனிலும் கலிபோர்னியாவின் நாபாவிலும் ஒரே நாளில் மீண்டும் ருசி பார்த்தார்கள். முதல் ஐந்து ஸ்தானங்களும் கலிபோர்னியாவுக்கே கிடைத்தன. முன்பு ஐந்தாவதாக வந்த 1971-ம் வருஷத்து ரிட்ஜ் மாண்டிபெல்லோ இப்போது முதலிடம் பெற்றது!

பெயர் கண்ணில் பட்டுவிட்டால் நாக்கு சொல்வதை மனம் கேட்பதில்லை. பரீட்சைத் தாளில் மாணவன் பெயரை மறைத்துத் திருத்தும் நாம் இதை நன்கு அறிவோம்.