வாடகைக் கணிப்பொறிக்கும் வரைபடம் வேண்டும்

விருதுநகர் மண்டிகளிலும் சிவகாசி பட்டாசு, அச்சுத் தொழில் நிறுவனங்களிலும் பேரேடு கம்ப்யூட்டருக்குள் புகுந்து பல ஆண்டுகளாகின்றன. இப்போது அந்தக் கம்ப்யூட்டரே கடையை விட்டு வெளியூருக்குக் குடிபோய்க் கொண்டிருக்கிறது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015-ல் புனே, சென்னை, மும்பையிலும், அமேசான் நிறுவனம் 2016-ல் மும்பையிலும் பெரிய கணிப்பொறி நிலையங்களைத் தொடங்கின. அங்கே ஒரு பங்கை வாடகைக்கு எடுத்து, கணக்கு, சரக்கு இருப்பு, பில் அனைத்தையும் அதில் வைத்துக் கொள்ளலாம். கிளவுட் என்று சொல்லப்படுவது இதுதான். பட்டாசை இணையம் வழியே விற்க உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்ததை நாம் அறிவோம். நாம் இங்கே பேசுவது விற்பனையைப் பற்றி அல்ல. கணக்கின் பாதுகாப்பைப் பற்றி.

கடையில் உள்ள கம்ப்யூட்டருக்குக் கடைப் பூட்டே காவல். வாடகைக் கணிப்பொறிக்கு எது காவல்? இதை உறுப்பினர்கள் தெரிந்து கொள்வது அவசியம்.

வாயிலும் விதியும்

ஒவ்வொரு கணிப்பொறிக்கும் எண் இட்ட வாயில்கள் உண்டு. இவற்றைப் போர்ட் என்பார்கள். எண்கள் 65,535 வரை போகும். விண்டோஸ் கணிப்பொறியை வெளியூரிலிருந்து இயக்க வழக்கமாக 3389. லினக்ஸ் கணிப்பொறிக்கு 22. பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கு 443. எந்த முகவரியிலிருந்து வருபவர் எந்த வாயிலில் நுழையலாம் என்று எழுதி வைப்பதே அனுமதி விதி. முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 0.0.0.0/0 என்று இருந்தால், உலகில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று பொருள்.

அமேசானில் இந்தக் காவல் இரண்டு அடுக்கு. பேட்டை வாசலில் ஒரு காவலாளி, கடை வாசலில் ஒரு காவலாளி என்று வைத்துக் கொள்வோம். பேட்டை வாசலில் நிற்பது நெட்வொர்க் ஏ.சி.எல். இதன் விதிகளுக்கு வரிசை எண் உண்டு. சிறிய எண்ணிலிருந்து படித்து, முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடும். 100-ஆம் விதி ‘எல்லோரும் வரலாம்’ என்றும், 200-ஆம் விதி ‘இன்னார் வரக்கூடாது’ என்றும் இருந்தால், இரண்டாவது விதி இருந்தும் பயனில்லை. உள்ளே விட்டவரை இந்தக் காவலாளி நினைவில் வைப்பதுமில்லை. ஆகவே பதில் வெளியே போகவும் தனி அனுமதி எழுத வேண்டும்.

கடை வாசலில் நிற்பது செக்யூரிட்டி குரூப். இதில் அனுமதி மட்டுமே எழுதலாம். புதிதாக ஏற்படுத்தும்போது உள்ளே வர யாருக்கும் அனுமதி இராது. உள்ளே வந்தவரை இது நினைவில் வைத்து, பதில் போக வழி விடும்.

ஒரு மணி நேரத்துக்காகத் திறந்த வாயில்

ஆபத்து எப்படி வருகிறது? தீபாவளிச் சீசனில் பில் போடும் மென்பொருள் மக்கர் செய்கிறது. மென்பொருள்காரர், ‘ஒரு மணி நேரம் திறந்து விடுங்கள், பார்த்துத் தருகிறேன்’ என்கிறார். கடையின் இணைய முகவரியோ அடிக்கடி மாறக் கூடியது. அவசரத்தில் யாரோ 3389-ஐ உலகுக்கே திறந்து விடுகிறார்கள். வேலை முடிகிறது. லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நேரத்தில் அந்த வாயிலை மூட யாருக்கும் நினைவில்லை.

திறந்த வாயில்களை இணையம் முழுவதும் இரவு பகலாகத் தேடும் புரோகிராம்கள் உண்டு. கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து உள்ளே நுழைபவர்கள், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிறார்கள். 2017 மே மாதம் உலகைக் கலக்கிய வான்னாகிரை 445-ஆம் வாயில் வழியே பரவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. திருத்தம் போடாமல் வாயிலையும் திறந்து வைத்திருந்தவர்களே எளிதில் அகப்பட்டார்கள். வடமாநில வியாபாரிகள் யார் யாரிடம் எவ்வளவு பாக்கி வரவேண்டும் என்பது பேரேட்டில்தான் இருக்கிறது. அது பூட்டப்பட்டால், சீசன் முழுவதும் உழைத்த பணத்தை எதைக் காட்டிக் கேட்பது?

சிவகாசிக்குத் தெரிந்த முறை

இதற்கான தீர்வு நம் ஊருக்குப் புதியதல்ல. 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி, பட்டாசு ஆலை கட்டுமுன் வரைபடம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும். எந்த அறை எங்கே, அறைக்கு அறை எவ்வளவு இடைவெளி என்பதெல்லாம் அதில் இருக்கும். முன் அனுமதி இன்றி ஓர் அறையைக் கூடக் கூட்டவோ மாற்றவோ கூடாது. அதிகாரி வந்தால் வரைபடத்தையும் தரையையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். வரைபடத்தில் இல்லாத அறை தரையில் இருந்தால் அது குற்றம்.

அனுமதி விதிகளையும் இப்படியே ஒரு கோப்பில் எழுதி வைப்பதுதான் ‘குறியீட்டால் நிர்வகிப்பது’. திரையில் பொத்தானை அழுத்தி மாற்றுவதற்குப் பதில், ‘வாயில் 3389, முகவரி 203.0.113.10 மட்டும், காரணம் விருதுநகர் அலுவலகம்’ என்ற பொருளில் ஒரு விதி எழுதப்படுகிறது. டெர்ராஃபார்ம் (2014), அதிலிருந்து பிரிந்த ஓப்பன்டோஃபு (2023) போன்ற கருவிகள் கோப்பைப் படித்து, எத்தனை விதி கூடும், எத்தனை மாறும், எத்தனை நீங்கும் என்று முதலில் காட்டும். நாம் சரி என்ற பிறகே மாற்றத்தைச் செய்யும். தன் பொறுப்பில் உள்ள விதியை யாராவது கையால் மாற்றியிருந்தால், அடுத்த முறை ஒப்பிடும்போது அதுவும் தெரிந்துவிடும்.

இந்தக் கோப்பை கிட் போன்ற பதிவேட்டில் வைத்தால் யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்பது நிற்கும். தவறென்றால் பழைய நிலைக்குத் திரும்பலாம். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் திருத்தப் பதிவு இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் சட்டம். கணக்குக்கு வேண்டியது அதைக் காக்கும் வாயிலுக்கும் வேண்டாமா?

ஆயினும் இது மந்திரக்கோல் அல்ல. கோப்பில் ஒரு வரி தவறினால் எல்லாக் கிளைகளின் வாயிலும் ஒரே நொடியில் திறந்துவிடும். ஆகவே எழுதுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர் என்பது கட்டாயம். கடவுச்சொற்களை அந்தக் கோப்பில் எழுதக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

உறுப்பினர்கள் யாரும் குறியீடு எழுதக் கற்க வேண்டியதில்லை. வாடகைக் கணிப்பொறியைப் பார்த்துக் கொள்பவரிடம் இவற்றைக் கேட்டால் போதும்.

1. நம் அனுமதி விதிகள் எழுத்தில் உள்ளனவா? ஒரு பிரதி நம்மிடம் தர முடியுமா?

2. எந்த விதியிலாவது 0.0.0.0/0 உள்ளதா? 3389, 22 ஆகியவற்றுக்கு அது இருக்கவே கூடாது. கடை முகவரி மாறுகிறது என்றால், நிலையான முகவரியோ வி.பி.என். இணைப்போ வாங்குவதே முறை.

3. கையால் விதியை மாற்றும் உரிமை யார் யாருக்கு உள்ளது? வேலையை விட்டுப் போனவர் பெயர் அதில் இருக்கிறதா?

4. தற்காலிக அனுமதிக்கு முடியும் தேதி எழுதப்படுகிறதா?

5. கணக்கின் நகல் வேறோர் இடத்தில் தனியே இருக்கிறதா?

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவுப்படி, இத்தகைய ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 180 நாள் பதிவுகளையும் வைத்திருக்க வேண்டும்.

சீசன் தொடங்கிய பின் இதற்கு நேரம் கிடைக்காது. ஆர்டர் எடுக்கும் மாதங்களிலேயே மேற்கண்ட ஐந்து கேள்விகளையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக் கொள்ளுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.