அசைவால் ஆடும் ஆட்டம்



சில திங்களுக்கு முன், கனடாவில் வாழும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் எனக்கு மடல் ஒன்று எழுதியிருந்தார். மாங்குளத்திற் படித்த நாளிலே கிளித்தட்டு மறிப்பதில் வல்லவராயிருந்தவர் அவர். பாடசாலைக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். "கையை வீசியும் உடலை அசைத்தும் ஆடுகின்ற வீடியோ விளையாட்டுக் கருவி ஒன்றை வாங்கி அனுப்பட்டுமா?" என்று கேட்டிருந்தார்.

ஆசிரியர் கூட்டத்தில் அம்மடலை வாசித்தேன். கருத்து இரண்டுபட்டது. பிள்ளைகள் மகிழ்வார்கள், பெற்றுக்கொள்வோம் என்றனர் சிலர். உடற்கல்வி ஆசிரியரோ, "அது வந்து போன மோகம், ஐயா. அந்தப் பணத்தில் மைதானத்தைச் செப்பனிடலாம்" என்றார். நான் கலைப் பட்டதாரி. இயந்திர நுட்பம் என் துறையன்று. எனினும், மடலுக்கு விடை எழுதும் பொறுப்பு அதிபருடையது. ஆகவே இதனைப் பற்றிச் சில நாட்கள் படித்தறிய முற்பட்டேன். அறிந்தவற்றையும், முடிவில் நான் எழுதிய விடையையும் இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

இத்தகைய கருவியை நான் முதலிற் கண்டது 2013ஆம் ஆண்டிலாகும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர், தம் பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டியையும் கொண்டுவந்திருந்தனர். அது 120 வோற்று மின்னுக்கென அமைந்தது; நம் நாட்டு மின்னோ 230 வோற்று. வவுனியாவிலிருந்து மின்மாற்றி ஒன்று வந்து சேரும்வரை இரண்டு நாள் அது மேசைமேற் கிடந்தது. மூன்றாம் நாள் உயிர் பெற்றது. அதன் பெயர் 'வீ'. ஜப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோ 2006ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்டது. பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் ஆட்டத்தை அன்று எல்லோரும் ஆடினோம். எழுபது வயதைக் கடந்த என் அன்னையாரும் எழுந்து நின்று ஆடினார். வயலில் விதைநெல் வீசிய கையல்லவா? அந்த வீச்சு அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதாயிருக்கவில்லை. அன்று வென்றவர் அவரே.

பழந்தமிழில் 'வீ' என்பது பூவின் பருவங்களுள் ஒன்றினைக் குறிக்கும். அரும்பாகி, மொட்டாகி, மலர்ந்து, பின்னர் உதிரும் நிலையிலுள்ள பூவே 'வீ'. பெயரிட்ட ஜப்பானியர் இதனை அறிந்திருக்க நியாயமில்லை. ஆயினும், நாம் இன்று ஆராயும் வினாவும் அதுவே: இப்பூ உதிர்ந்து மறைந்ததா, அன்றிக் காயாகி நின்றதா?

முதலில் இக்கருவி எவ்வாறு இயங்குகின்றது என்பதைக் காண்போம். ஏ9 வீதியிலே விரைந்து செல்லும் பஸ் திடீரென நிற்கும்போது நாம் முன்னே சாய்கின்றோம். புறப்படும்போது பின்னே சாய்கின்றோம். கண்ணை மூடியிருந்தாலும், நம் உடலின் சாய்வைக் கொண்டே பஸ்ஸின் போக்கை அறிந்துவிடலாம். கையிற் பிடிக்கும் அந்தக் கோலினுள்ளே, மெல்லிய வில்களாற் தாங்கப்பட்ட நுண்ணிய சிலிக்கன் துண்டு ஒன்று பஸ்ஸில் அமர்ந்த பயணியைப் போல் இருக்கின்றது. கை வீசும்போது அது சற்றே பின்தங்கும். அந்த நுண்ணிய இடப்பெயர்ச்சியை மின்னால் அளந்து, கை எப்பக்கம், எவ்வளவு வேகமாக வீசிற்று என்பதைக் கருவி கணிக்கின்றது. இதற்கு ஆர்முடுகல்மானி என்று பெயர். விளையாட்டுக்கு வருமுன்னரே, 1990களில், மோட்டார் வாகனம் மோதியதை உணர்ந்து காற்றுப்பையை விரியச் செய்யும் பணியில் இது அமர்ந்திருந்தது.

திரையில் ஓரிடத்தைச் சுட்டுவதற்கு வேறோர் உபாயம் உண்டு. தொலைக்காட்சியின் மேல் ஒரு சிறு பட்டி வைப்பார்கள். அசைவை அறிவது அதுவே என்று நாங்கள் எண்ணினோம். உண்மையில் அதில் இருப்பவை விளக்குகள் மாத்திரமே. கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ்க் கதிர்களை அவை வீசுகின்றன. அவற்றைக் காணும் கண் கோலின் நுனியில் இருக்கின்றது. பட்டிக்குப் பதிலாக இரண்டு மெழுகுதிரிகளை ஏற்றி வைத்தாலும் அது வேலை செய்யும். வன்னியின் நண்பகல் வெயில் யன்னல் வழியே அறைக்குள் விழுந்தபோது அந்தச் சுட்டுக்குறி திரையிலே தடுமாறியதன் காரணம் எனக்குப் பின்னரே விளங்கிற்று. சூரியனும் அதே கதிரை வீசுகின்றானல்லவா?

இனி, இதன் வரலாறு. நிண்டெண்டோ 1889ஆம் ஆண்டு கியோத்தோ நகரில் விளையாட்டுச் சீட்டுகள் செய்யத் தொடங்கிய நிறுவனம். அசைவால் ஆடும் எண்ணமும் 2006இல் திடீரெனப் பிறந்ததன்று. 1989இலேயே, நிண்டெண்டோ கருவியுடன் இணைத்து ஆடத்தக்க கையுறை ஒன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பி, அதனைக் கொண்டு கையின் இடத்தை அறிய முயன்ற கருவி அது. நுட்பம் போதாமையால் விரைவிலேயே மறைந்தது. 2003இல் சோனி நிறுவனம், ஆடுபவரின் உருவத்தைப் படம்பிடித்துத் திரையிற் காட்டும் கமராவை வெளியிட்டது. அதன் பின்னரே 'வீ' வந்தது. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் விற்பனையாயின. வேகத்தில் கோல் கைநழுவிப் பறந்து சேதம் விளைத்தமையால், மணிக்கட்டில் மாட்டும் வார்கள் 32 இலட்சத்தை மாற்றித் தருவதாக அந்நிறுவனம் 2006 டிசெம்பரில் அறிவிக்க நேர்ந்தது.

ஒருவர் வென்றால் மற்றவர் வாளாவிருப்பரோ? 2010இல் சோனி ஒரு கோலையும், மைக்ரோசொப்ட் 'கினெக்ட்' என்னும் கமராவையும் கொண்டுவந்தன. கினெக்டுக்குக் கையிற் கோலே வேண்டாம். அறை முழுவதும் புலனாகாத ஒளிப்புள்ளிகளைத் தூவி, அவை விழும் விதத்தைக் கொண்டு மனித உடலின் நிலையை அது அறிந்தது. முதல் 60 நாளில் 80 இலட்சம் விற்று உலக சாதனை படைத்தது. 2013இல் தன் புதிய விளையாட்டுப் பெட்டியுடன் அதனையும் கட்டாயமாகச் சேர்த்து விற்றது அந்நிறுவனம். மக்கள் அதனை விரும்பவில்லை. 2014இல் பிரித்து விற்றார்கள். 2017இல் உற்பத்தியையே நிறுத்தினார்கள். 'வீ'யின் வழித்தோன்றலாக 2012இல் வந்த பெட்டியும் சுமார் 1 கோடி 35 இலட்சத்துடன் நின்றுபோயிற்று. இவற்றை மாத்திரம் நோக்கின், எங்கள் உடற்கல்வி ஆசிரியர் கூறியதே சரியென்று தோன்றும்.

ஏன் இந்த வீழ்ச்சி? எங்கள் வீட்டிற் கண்ட ஒரு காட்சியே அதற்கு விடை. என் அன்னையார் நின்று கையை முழுமையாக வீசி ஆடினார். பெட்டியைக் கொண்டுவந்த சிறுவனோ கதிரையிற் சாய்ந்திருந்து மணிக்கட்டை மாத்திரம் ஒரு வெட்டு வெட்டினான். பந்து அதே வேகத்தில் உருண்டது. கருவிக்குத் தெரிந்தது அந்த வெட்டு ஒன்றே; உடலின் முழு உழைப்பையும் அது அறியவில்லை. அதை ஒரு பிள்ளை கண்டுகொண்டால், அசைவு வெறும் பாவனையாகிவிடுகின்றது. பெருவிரலால் ஒரு பொத்தானை அழுத்தி எளிதில் முடிக்கக்கூடிய காரியத்திற்குக் கையை ஏன் வீச வேண்டும்? அக்காலத்தில் வெளியான விளையாட்டுகள் பல, பொத்தானுக்குப் பதிலாகக் கையை ஆட்டச் சொன்னவையே. புதுமை தீர்ந்ததும் களைப்பே எஞ்சியது. அப்பகுதி மோகந்தான்; அது போய்விட்டது.

ஆனால், போகாத பகுதியும் ஒன்று உண்டு. 2009இல் நிண்டெண்டோ தன் கோலுக்குச் சுழற்சியையும் அளக்கும் துணைக்கருவியைச் சேர்த்தது. அதன் பின்னர் மணிக்கட்டின் திருப்பமும் கணக்கில் வந்தது. 2017இல் அந்நிறுவனம் வெளியிட்ட 'சுவிட்ச்' என்னும் கருவியின் இரு கைப்பிடிகளிலும் இந்த உணரிகள் இருக்கின்றன. அக்கருவி 15 கோடிக்கும் மேல் விற்றுள்ளது. 2025இல் வந்த அதன் அடுத்த பதிப்பும் அவற்றைக் கைவிடவில்லை. இன்று பலர் கையை வீசி ஆடுவதில்லை; குறிபார்க்கும்போது கைப்பிடியைச் சற்றே திருப்புகின்றனர், அவ்வளவே. பெருவிரலுக்கு வராத நுண்மை அத்திருப்பத்தில் வருகின்றது. 2019இல் வெளியான உடற்பயிற்சி விளையாட்டு ஒன்று, வளையம் ஒன்றைக் கைகளால் அமுக்கியும் இழுத்தும் ஆடுவது. அதுவும் ஒன்றரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. கண்ணை மூடி அணியும் மெய்ந்நிகர்க் கவசங்களிலோ, தலையும் கையும் அசையாமல் ஆட்டமே இல்லை.

மேலும், நேயர்களே, உங்கள் சட்டைப்பையிலுள்ள கைபேசியைப் பக்கவாட்டிற் திருப்பினால் படமும் திரும்புகின்றதே, அதுவும் ஆர்முடுகல்மானியின் வேலைதான். கினெக்டின் நுட்பத்தை அமைத்த நிறுவனத்தை 2013இல் அப்பிள் நிறுவனம் வாங்கிற்று. 2017இல், முகத்தின் மேல் ஒளிப்புள்ளிகளைத் தூவி உரியவரை அடையாளங்காணும் கைபேசியை அது வெளியிட்டது. பூ உதிர்ந்த கிளையிலேயே காய் பிடித்திருக்கின்றது.

எனினும், ஓர் அதிபரின் கவலை விற்பனைக் கணக்கோடு முடிவதில்லை. எங்கள் ஆறாந் தரத்திலே ஒரு பையன் இருக்கின்றான். பிறப்பிலிருந்தே அவனுடைய இடக்கை இயல்பாக வளைவதில்லை. விளையாட்டு நேரத்தில் மைதானத்தின் ஓரத்தில் நின்று ஓட்டங்களை எண்ணுவான். தானாக இறங்கமாட்டான். மடலை வாசித்தபோது என் மனத்தில் வந்து நின்றவன் அவனே. 2009இல் போர் முடிந்த பின்னும், கையிழந்தோரும் காலிழந்தோரும் இல்லாத கிராமம் வன்னியில் அரிது. மாங்குளம் வைத்தியசாலையில் மறுவாழ்வுச் சிகிச்சைக்கென ஒரு நிலையமும் 2024இல் திறக்கப்பட்டது. ஆகவே, அசைய முடியாதவரை அசையச் செய்ய இக்கருவியால் இயலுமா என்பது எங்களுக்கு ஏட்டு வினா அன்று.

இதற்கு விடை தேடியவர்கள் இருக்கின்றார்கள். நின்று ஆடுவதற்கென நிண்டெண்டோ செய்த ஒரு பலகை, உடற்சமநிலையை ஏறத்தாழ ஆய்வுகூடக் கருவியளவு செம்மையாக அளக்கின்றது என்பதை அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகர ஆய்வாளர் 2010இல் காட்டினர். அதே ஆண்டில், பக்கவாதத்தாற் கை தளர்ந்த 22 பேரைக் கொண்டு ரொறொன்ரோ மருத்துவர்கள் ஒரு சிறு சோதனை நடத்தினர். 'வீ' ஆடியவரின் கை நன்கு தேறியது. எங்கும் நம்பிக்கை எழுந்தது. அவர்களே பின்னர் நான்கு நாடுகளில் 141 நோயாளரைக் கொண்டு விரிவாக ஆராய்ந்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு சாரார் 'வீ' ஆடினர். மறு சாரார் சீட்டாடினர், கட்டைகளை அடுக்கினர், பந்து எறிந்தனர். இரு சாராரும் தேறினர்; ஆனால் கருவியை ஆடியவர் மற்றவரிலும் மிகுதியாகத் தேறவில்லை.

இம்முடிவைப் படித்தபோது முதலில் எனக்கு ஏமாற்றமே உண்டாயிற்று. மீண்டும் எண்ணிப் பார்க்க, ஆறுதலாயிற்று. கருவி பயனற்றது என்று அவ்வாய்வு கூறவில்லை. விருப்பத்தோடு, திரும்பத் திரும்ப, குறியொன்றை நோக்கிக் கையை அசைப்பதே மருந்து என்றுதான் நான் அதனை விளங்கிக்கொண்டேன். அந்த விருப்பத்தை ஒரு பெட்டியும் ஊட்டலாம். ஒரு பந்தும் ஊட்டலாம். பந்து நம்மிடம் உண்டு.

ஆகவே, பழைய மாணவருக்கு இவ்வாறு விடை எழுதினேன்: "தம்பி, முதலில் மைதானத்தை மட்டப்படுத்த உதவுங்கள். கிளித்தட்டுக் கோடு கீறினால், அது மழையிலும் அழியாதிருக்க வேண்டும். அதன்பின் உங்களிடம் பணம் மிஞ்சினால், உங்கள் வீட்டில் ஆடி முடித்த பழைய பெட்டியொன்று இருந்தால், அதனையும் அனுப்புங்கள். மைதானத்தில் இறங்கக் கூசும் பிள்ளைகளுக்கு அது முதற்படியாகட்டும். கதிரையில் இருந்து ஆட எவரையும் விடமாட்டோம்."

மடலை அனுப்பிய மறுநாள், உடற்கல்வி ஆசிரியர் மென்பந்து ஒன்றை எடுத்துக்கொண்டு மைதானத்தின் ஓரத்திற்குப் போனார். ஓட்டங்களை எண்ணிக்கொண்டிருந்த அப்பையனுக்கு அதனை மெல்ல எறிந்தார். அவன் வலக்கையால் ஏந்தினான். இடக்கை, தாமதமாகத்தான், துணைக்கு வந்தது.