புழக்கடைக் கோழியின் வரவுசெலவு

உத்திரமேரூர்க் கடைத்தெருவில் முட்டை இன்ன விலைக்கு விற்கவேண்டும் என்று தீர்மானிக்கிறவர் அங்கே கடை வைத்திருப்பவர் அல்லர். இரவோடிரவாக லாரியேறி வருகிற முட்டை, நாமக்கல்லிலேயே விலை பேசப்பட்டுத்தான் புறப்படுகிறது. வியாபாரிகள் வைத்ததே விலை என்றிருந்த நிலைமையை மாற்றுவதற்காக, 1982ஆம் வருஷம் டாக்டர் பி.வி. ராவின் முயற்சியால் பண்ணைக்காரர்கள் ஒன்றுகூடி ஸ்தாபித்த தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிற கொள்முதல் விலையே இன்று நம் பக்கத்து வியாபாரத்துக்கெல்லாம் ஆதாரம். அந்த விலை 2025ஆம் வருஷக் கடைசியில் முட்டை ஒன்றுக்கு 6 ரூபாயைக் கடந்து, அதுவரை காணாத உச்சத்தை எட்டியது. ஐயப்ப பக்தர்கள் மாலை போட்டு விரதமிருப்பதால் முட்டை வியாபாரம் மந்தமாகிற கார்த்திகை மாதத்திலேயே இது நிகழ்ந்ததுதான் விசித்திரம்.

குளிர் தொடங்கியதும் வடநாட்டில் முட்டைக்குக் கிராக்கி ஏறுவது வருஷந்தோறும் உள்ளதே. ஊன்றிக் கவனிக்கவேண்டியது தீவனம். பண்ணை முட்டையின் உற்பத்திச் செலவில் நூற்றுக்கு எழுபது பங்கு போலத் தீவனத்துக்கே போகிறது. அதில் பெரும்பாகம் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். அந்த மக்காச்சோளத்துக்கோ, பெட்ரோலில் கலப்பதற்காக எத்தனால் தயாரிக்கிற ஆலைகள் சமீப காலத்தில் பெரும் போட்டியாக வந்து நிற்கின்றன. மோட்டார் வண்டிக்கும் கோழிக்கும் ஒரே தானியம் ஆகாரமாகிவிட்டால், எளியவர் வீட்டுச் சட்டியில்தான் அதன் பாரம் வந்து இறங்கும். முட்டை இன்று சுகவாசிகளின் பண்டம் அன்று. சத்துணவுக் கூடங்களில் 1989இல் இரு வாரத்துக்கு ஒன்றாக நுழைந்து, 2010 முதல் வாரத்துக்கு ஐந்தாக வளர்ந்த முட்டையை, விடுமுறை நாளில் வீட்டிலும் குழந்தை கேட்கத்தானே செய்யும்?

அமெரிக்காவில் பறவைக் காய்ச்சலின் விளைவாக 2025 மார்ச்சில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6 டாலர் 23 சென்ட் வரை போனபோது, அந்நாட்டு ஜனங்கள் பலர் புழக்கடையில் கோழி வளர்க்க முற்பட்டார்கள். நம்மவர்க்கும் அதே யோசனை தோன்றுவது சகஜம். ஆனால் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் உற்சாகம் சற்றே அடங்கும். பண்ணைகளில் வளர்க்கிற வெள்ளைக் கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய 110 கிராம் தீவனம் தின்று, வருஷத்தில் 300 முட்டை போல இடுகிறது. தீவனம் கிலோ 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 1,400 ரூபாய். முட்டையிடத் தொடங்கும்வரை ஐந்து மாதம் சும்மா தின்ற செலவையும் சேர்த்தால், ஒரு முட்டைக்குத் தீவனம் மட்டுமே ஐந்தரை ரூபாய். குஞ்சின் கிரயம், கூண்டு, மருந்து எல்லாம் அதற்குமேல். பண்ணைக்காரர் லட்சக் கணக்கில் வளர்த்துச் சாதிப்பதை நாலு கோழியை வைத்துக்கொண்டு நாம் சாதித்துவிட முடியாது.

நாட்டுக்கோழியின் வழி முற்றிலும் வேறு. வருஷத்தில் மூன்று நான்கு தடவை, தடவைக்குப் பன்னிரண்டு பதினைந்தாக, நாற்பது முதல் அறுபது முட்டையோடு அது நின்றுவிடும். அப்புறம் அடையில் உட்கார்ந்துவிடும். ஆனால் அதற்குத் தீவனம் யார் வாங்கிப் போடுகிறார்கள்? பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் வருஷக் கல்வெட்டுகளில் ஏரிக்கும் தோட்டத்துக்கும் வாரியம் அமைத்து, குடவோலையால் அங்கத்தினரைத் தேர்ந்தெடுத்த உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார் கோழியைப்பற்றி யோசித்திருக்க நியாயமில்லை. ஆயினும் அவர்கள் பேணிய ஏரிப் பாசனந்தான் இன்றைக்கும் இப்பகுதிக் கோழிகளுக்குப் படியளக்கிறது. களத்தில் சிந்திய நெல், புடைத்தெடுத்த நொய், தவிடு, எருக்குழியில் கிளறியெடுக்கிற புழு பூச்சி, இவையே அதன் ஆகாரம். கெட்டிக்கார வீட்டுக்காரி இன்னொன்றும் செய்வாள். பழைய பானையில் ஈரச் சாணியையும் வைக்கோலையும் கந்தல் சாக்கையும் திணித்து, புற்றுக்குப் பக்கத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்துவிடுவாள். விடிந்ததும் பானையை நிமிர்த்தினால் உள்ளே கரையான் மொய்த்துக் கிடக்கும். குஞ்சுகளுக்கு அதைவிடப் புஷ்டியான உணவைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது.

அடைவைப்பதிலும் ஒரு சாஸ்திரம் உண்டு. கூடையில் மணலைப் பரப்பி, ஒன்பது பத்து முட்டையை அடுக்கி, காய்ந்த மிளகாய், அடுப்புக்கரி, இரும்புத் துண்டு மூன்றையும் ஓரத்தில் வைப்பார்கள். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடுமென்ற பயத்துக்கு அது பரிகாரம். பரிகாரம் பலிக்கிறதோ இல்லையோ, ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்துக் கூமுட்டையை நீக்கிவிடுவது நிச்சயமாகப் பலிக்கும். இருபத்தொன்றாம் நாள் குஞ்சு பொரியும்.

இப்படிக் கிடைத்த முட்டையை எல்லா வீட்டிலும் தின்றுவிடுகிறார்கள் என்று எண்ணவேண்டாம். நாட்டுக்கோழி முட்டைக்குக் கூடுதல் விலை உண்டாகையால், ஒன்றை விற்று இரண்டு வெள்ளை முட்டை வாங்கிப் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுக்கிற தாய்மார்கள் உண்டு. இரண்டின் போஷணைச் சக்தியிலும் பெரிய வித்தியாசம் இல்லையாகையால், அவர்கள் செய்வது புத்திசாலித்தனமான காரியம் என்பதே என் அபிப்பிராயம்.

பருந்தும் கீரியும் ஒன்றிரண்டைக் கொண்டுபோகும். பஞ்சாரத்தைக் கவிழ்த்தால் அதற்குக் காப்பு. பஞ்சாரத்தையே காலிசெய்துவிடுவது வெள்ளைக் கழிச்சல். குமாவோன் மலையிலுள்ள ஊரின் பெயரால் ராணிக்கெட் என்று வைத்தியர்கள் சொல்கிற இந்நோய் வந்தபின் சிகிச்சை கிடையாது. கழுத்து திருகி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, இரண்டொரு நாளில் தெருவிலுள்ள கோழியெல்லாம் சாய்ந்துவிடும். பிறந்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையடியில் ஊசி, காப்பு இவ்வளவுதான். நம் ராஜ்யத்துக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் தீவனத்தோடு கொடுக்கத்தக்க குருணை வடிவத் தடுப்பு மருந்தையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். சந்தையில் வாங்கிய கோழியை வந்த அன்றே மற்றவற்றோடு விட்டுவிடாமல், இரண்டு வாரமாவது தனியே கட்டிவைப்பதும் அவசியம்.

ஆகவே மாடி வீட்டில் தீவன மூட்டை வாங்கிப் போட்டு முட்டைச் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் கடையிலேயே வாங்கிக்கொள்வது உத்தமம். களமும் எருக்குழியும் உள்ள வீட்டார் நாலு பெட்டையும் ஒரு சேவலுமாகத் தாராளமாகத் தொடங்கலாம். அதிக முட்டை வேண்டுவோர் ஹைதராபாத் ஆராய்ச்சி நிலையத்தார் புழக்கடைக்கென்றே உண்டாக்கிய கிராமப்பிரியா இனத்தையும் விசாரிக்கலாம். எதை வாங்குவதாயினும், குஞ்சுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போய், கழிச்சல் தடுப்பூசி என்றைக்குப் போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.