பெயர் அறியாத் தலைநோய்

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தைப் பாடஞ் சொல்லிக் கொண்டிருந்தேன். நோய் இன்னதென்று தெளிந்த பின்னரே மருந்தைக் கருதுதல் வேண்டும் என்று விளக்கியபோது, வட்டகொடைத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவன் எழுந்து நின்றான்.

“ஐயா, இருபது நாளாக அப்பாவுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பக்கத் தலைவலி வருகிறது. அந்தப் பக்கக் கண் சிவந்து நீர் வடிகிறது. படுக்க முடியாமல் லயத்து வாசலில் நடந்துகொண்டே இருக்கிறார். பல்லைப் பிடுங்கியும் நிற்கவில்லை. வேலைக்குப் பயந்து நடிக்கிறார் என்கிறார்கள்” என்றான்.

யான் மருத்துவன் அல்லேன். ஆயினும் அவன் உரைத்த குறிகள் நூல்களிற் படித்த ஒரு நோயை நினைவூட்டின. அதனைக் கொத்துத் தலைவலி என்பர். சில வாரங்கள் அடுத்தடுத்து வந்து, பின் மாதக்கணக்கில் மறைந்திருத்தலின் இப்பெயர் பெற்றது. ஆயிரவருள் ஒருவர்க்கே வருவது. ஒருமுறை வந்தால் கால் மணி முதல் மூன்று மணி நேரம் வரை வருத்துவது. ஒற்றைத் தலைவலியுடையார் இருளில் அசையாது கிடப்பர். இந்நோயாளரோ இருப்புக் கொள்ளாது உலாவுவர்.

இதற்கு மருந்து இருவகைத்து. வந்த நோவைத் தணிப்பது ஒன்று. வாராமற் காப்பது மற்றொன்று. பனடோல் போன்ற வில்லைகள் பெரும்பாலும் பயன்படா. தணிப்பனவற்றுள் சிறந்தது ஒட்சிசன். இங்கிலாந்தில் நிகழ்ந்து 2009இல் வெளியான ஆய்வொன்றில், நிமிடத்துக்கு 12 லீற்றர் வீதம் 15 நிமிடம் முகமூடி வழியே சுவாசித்தபோது நூற்றுக்கு 78 தாக்குதல்கள் தணிந்தன. வெறுங் காற்றால் தணிந்தவை 20 மட்டுமே. சுமாத்திரிப்தான் ஊசியும் விரைந்து தணிக்கும். இதய நோயுடையார்க்கு அது ஆகாது. வாராமற் காப்பதற்கு முதலிற் கருதப்படுவது வெரப்பமில், உண்போர்க்கு ஈ.சி.ஜி. பரிசோதனை இன்றியமையாதது. அது பயன் தருங்காறும் சின்னாட்கள் பிரெட்னிசொலோன் கொடுத்தலும் உண்டு. லித்தியம் கொடுப்பின் குருதியை அடிக்கடி சோதித்தல் வேண்டும்.

இதனோடு மயங்கும் வேறொரு தலைவலியும் உண்டு. நோர்வே நாட்டு மருத்துவர் சியாஸ்தாவும் டாலேயும் 1974இல் அதனைப் பிரித்துக் காட்டினர். தாக்குதல் குறுகியது, ஒரு நாளிற் பலமுறை வருவது. இந்தோமெதசின் என்னும் மருந்து அதனை அறவே நிறுத்தும். கொத்துத் தலைவலிக்கோ அம்மருந்து பெரிதும் உதவாது. பெயர் மாறின் மருந்தும் மாறும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

வரும் வேளை, பக்கம், கண், மூக்கு, நீடிக்கும் நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுவித்து, கண்டியில் நரம்பியல் மருத்துவரைக் காணுமாறு அனுப்பினேன். மறுமாதம் மாணவன் வந்தான். நோவு முற்றும் அகலவில்லையாம், தணிந்திருக்கிறதாம். ஆயினும், “அப்பா நடிக்கவில்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது ஐயா” என்று அவன் கூறியபோது, அதுவும் ஒரு மருந்தே என உணர்ந்தேன்.